மாமா வீட்டுத் துப்பாக்கியும் ஒரு பழைய பெஞ்சும்

கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிற வாத்தியார் என்று எனக்குப் பெயர் உண்டு, ரிட்டையர் ஆன பிறகும் அது போகவில்லை. டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து என் தாய்மாமா போன் செய்தார். வயது 88. குரல் மட்டும் இன்னும் களத்து மேட்டில் நின்று கூப்பிடுகிற குரல்தான்.

"மாப்ளே, துப்பாக்கி லைசென்ஸ் முடியப் போவுது. இந்தத் தடவ புதுப்பிக்கப் போறதில்ல. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன். புள்ளைங்க யாருக்கும் வேணாமாம். நீ சரித்திர வாத்தியாராச்சே, அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போ."

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்தத் துப்பாக்கியைத் தெரியும். தாத்தா வாங்கிய இரட்டைக்குழல். வீராணம் ஏரியில் தண்ணீர் நிறைந்து நிற்கிற மார்கழி தை மாதங்களில் கிளுவையும் நாமக்கோழியும் இறங்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது தாத்தா விடியற்காலையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிடுவார். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அது நின்றது. தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸ் மாமா பெயருக்கு மாறியது. அப்புறம் அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போனதெல்லாம் தேர்தலுக்குத்தான். தேர்தல் அறிவித்தவுடன் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்க வேண்டும் அல்லவா. "துப்பாக்கி எங்க மாமா?" என்று கேட்டால், "ஓட்டுப் போடப் போயிருக்கு" என்பார்.

கடலூர்க்காரர்களுக்கு வெள்ளைக்காரன் குண்டு புதிதில்லை. 1690-ல் கும்பெனிக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றைக்கும் பஸ் போர்டில் வருகிறது. இதை எத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியிருப்பேன்! குண்டைப் பற்றி அவ்வளவு பேசியவன், மாமா வீட்டுத் துப்பாக்கியின் இரும்பில் யாரோ கையால் வெட்டி வைத்திருந்த படத்தை ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

படம் என்றால் இதுதான். குழல் கட்டையோடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் வாழை இலை நுனி மாதிரி ஒரு இரும்புத் தகடு இருக்கும். உள்ளே குதிரையை இயக்குகிற வில்லும் பல்லும் இருப்பதால் அதைப் பூட்டு என்பார்கள். அந்தத் தகடு முழுக்கச் சுருள் சுருளாகக் கொடி. வலது பக்கத் தகட்டில் கொடிக்கு நடுவே ஒரு சின்ன வெளி, அதில் புல், புல்லுக்குள் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நாய். இடது பக்கத்தில் பறந்து எழும் பறவை. நாய்க்குக் கால் அடிபட்டிருக்கிறது என்று சின்ன வயதில் எனக்கு ரொம்பக் கவலை. தாத்தாவிடம் கேட்டபோது, "முள்ளு குத்தியிருக்குடா, சரியாப் போயிடும்" என்றார். அவருக்கு வந்த பேரன்களிலேயே நாய்க்காக அழுதவன் நான் ஒருவன்தான் என்று அத்தை இன்னும் சொல்லிக் காட்டுவார். இரை இருக்கும் இடத்தைக் காட்டி அப்படிக் காலைத் தூக்கி உறைந்து நிற்க வேட்டை நாய்களைப் பழக்குவார்கள் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

மாமாவிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒருவரை அழைத்துவரலாமா என்று கேட்டேன். அந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கதை. எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை.

நான் சிதம்பரத்தில் வேலை பார்த்த காலம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா பாத்திரக் கடை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறவர். சீர்வரிசைக்கு அண்டா, குடம், சொம்பு, தாம்பாளம் என்று வாங்கினால் கடைக்காரர் அவரிடம்தான் அனுப்புவார். விரல் நீள உளி, ஒரு சின்னச் சுத்தியல், மடியில் பாத்திரம். டக் டக் டக் என்று ஒரு கணக்கில் தட்டிக்கொண்டே போவார். பெண்ணின் பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி, 'அன்பளிப்பு' என்று போட்டுக் கொடுத்தவர் பெயர். எழுத்துக்குக் காசு.

ஒருநாள் அந்தப் பையன் பெஞ்சில் தன் பெயரை வெட்டி வைத்திருந்தான். மற்ற பையன்கள் காம்பஸ் முனையால் கிறுக்குகிற மாதிரி இல்லை. அப்பாவின் உளி ஒன்றைக் கொண்டுவந்து, நாலைந்து நாள் வேலை செய்து, பெயரைச் சுற்றி ஒரு கொடியும் ஓட விட்டிருந்தான். அழகாக இருந்தது. அழகாக இருந்தது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது, அதுதான் விஷயம். அரசாங்கச் சொத்து என்று சொல்லி ஸ்கேலால் உள்ளங்கையில் நாலு போட்டேன். பிறகு கடையில் எமரித் தாள் வாங்கிவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அவனே தேய்த்து அழிக்கும்படி செய்தேன். இரண்டு பீரியட் தேய்த்தான்.

மறுநாள் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புதான் சார். அடிங்க. சோத்துக் கையில மட்டும் வேணாம் சார், பொழைக்கிற கை" என்றார். அவ்வளவுதான். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பையன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

இது நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு ஒரு வெள்ளிக் கிண்ணமும் எவர்சில்வர் சாமான்களும் வாங்க சிதம்பரம் போயிருந்தேன். கடையில் பெயர் போட ஒருவர் மின்சாரப் பேனாவோடு இருந்தார். தேனீ மாதிரி 'ஙொய்' என்று சத்தம் போடும், பேனாவால் எழுதுகிற மாதிரி எழுதிவிடலாம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சார்... எட்டாங்கிளாஸ்" என்றார். கிண்ணத்துக்கு மெஷின் போடாமல், பெட்டியைத் திறந்து அப்பாவின் உளியை எடுத்தார். வெள்ளிக்கு அதுதான் சார் பாந்தம் என்றார். காசு வாங்கவில்லை. அவரைத்தான் மாமா வீட்டுக்கு அழைத்துப் போனேன். இந்தப் பதிவில் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார்.

மாமா முதலில் குழலைத் திறந்து இரண்டு துளையிலும் தோட்டா இல்லை என்று எங்களுக்குக் காட்டினார். 88 வயதிலும் அந்த ஒழுங்கு மாறவில்லை. பிறகு குழலைத் தனியே கழற்றித் திண்ணையில் வேட்டி விரித்து வைத்தார். குழல்மேல் பாம்புச் சட்டை மாதிரி வரி ஓடும். அது வரைந்ததல்ல. இரும்புப் பட்டையையும் உருக்குப் பட்டையையும் முறுக்கி, கம்பியைச் சுற்றுவதுபோல் சுற்றி, நெருப்பில் அடித்து ஒட்டிய குழல், அந்த முறுக்குதான் வரியாகத் தெரிகிறது. அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்குப் போதுமானது.

குழலின் அடிப்பக்கத்தில், கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், சின்ன முத்திரைகள். கிரீடம், அதன் கீழே குறுக்காக இரண்டு செங்கோல். இது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. அந்த ஊரில் 1813-ல் சட்டம் போட்டு அந்தச் சாலையை வைத்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து அடைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள், வெடிக்காத குழலுக்கு முத்திரை. செங்கோல் போட்ட இந்த வகை 1904 வரைக்கும் புழங்கியது, ஆகையால் துப்பாக்கிக்கு நூற்றிருபது வயதாவது இருக்கும். ஆனால் பூட்டுத் தகட்டில் பர்மிங்ஹாம் என்று ஒரு எழுத்து கிடையாது. 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. மவுண்ட் ரோடில் கடிகாரக் கோபுரத்தோடு நிற்கிறதே, அந்தக் கடைதான். கடிகாரமும் வெள்ளிச் சாமானும் விற்றவர்கள் அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். இங்கிலாந்தில் செய்து, விற்கிற கடையின் பெயரை வெட்டி அனுப்புவது அன்றைய வழக்கம்.

என் மாணவர் சட்டைப்பையிலிருந்து நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தார். கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அத்தை காப்பி வைத்தார், ஆறிப்போனது. மாமா பொறுமை இழந்து, "என்ன தம்பி, வெள்ளியா தகரமா?" என்றார்.

"ஐயா, இது மூணு கை" என்றார் அவர்.

ஓரத்தில் ஓடுகிற கயிறு மாதிரியான வரியும் திருகாணித் தலைகளும் ஒரு கையாம், பழகுகிற பையன் கை. எழுத்து வெட்டியது வேறொருவர். நாயும் பறவையும் கொடியும் மூன்றாவது ஆள், பெரிய கை. நான் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அப்படித்தான் வேலை நடந்திருக்கிறது. பர்மிங்ஹாமில் துப்பாக்கித் தொழிலாளர்கள் ஒரே பேட்டையில் நெருக்கமாக இருந்தார்கள். குழல் செய்பவர், பூட்டு அராவுபவர், கட்டை இழைப்பவர், திருகாணி போடுபவர் என்று ஒரு துப்பாக்கி வீடு வீடாகப் போய் வரும். வெட்டு வேலைக்காரர் பட்டறையிலும் பழகுகிற பையன்களுக்கு ஓரமும் திருகாணியும், உருவம் வெட்டுவது மூத்தவருக்கு என்று பிரிவு இருந்தது. நம்ம ஊர் ஸ்தபதி பட்டறையில் கண் திறப்பது யார் கை என்று கேட்டால் சொல்வார்கள் இல்லையா, அதுபோல.

வெட்டுகிற விதத்தை அவர் திண்ணையிலேயே செய்து காட்டினார், துப்பாக்கியில் இல்லை, ஒரு பழைய பித்தளைத் தட்டில். உளியின் முனை சதுரமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும், அதைச் சரிவாகத் தீட்டினால் ஒரு மூலை மட்டும் உலோகத்தில் இறங்கும். பெரிய கொடிக்குச் சுத்தியலால் தட்டித் தட்டி ஓட்டுவது ஒன்று. மெல்லிய வரிக்கு உளியின் குமிழை உள்ளங்கையில் பதித்து வெறும் கையால் தள்ளுவது இன்னொன்று. இரும்பு சீவல் சீவலாகச் சுருண்டு எழும். கோடு பட்டையாக வேண்டுமா, உளியைக் கொஞ்சம் சாய்க்க வேண்டும். மெலிய வேண்டுமா, நிமிர்த்த வேண்டும். நாயின் முதுகில் மயிர் மயிராகத் தெரிகிறதே, அது ஒவ்வொன்றும் ஒரு தள்ளு.

"சுழி வரும்போது கையத் திருப்பக்கூடாது சார். சாமானத்தான் திருப்பணும். எங்கப்பா சொன்னது அதுதான். சொம்பு மடியில சுத்திக்கிட்டே இருக்கும், கை ஒரே எடத்துல இருக்கும்."

இங்கிலாந்திலும் அதே கதை. சின்னத் தகட்டை மணல் அடைத்த தோல் பையின்மேல் வைத்து இடது கையால் திருப்புவார்கள். தகடு பெரிதாக இருந்து பட்டறைப் பிடியில் மாட்டியிருந்தால், ஆள்தான் அதைச் சுற்றி நடக்க வேண்டும். காட்டுமன்னார்கோயில் திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முறையாகப் படிப்பு ஒன்றும் இல்லாமல் இரண்டு ஊரிலும் கை ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

இன்னொன்று. கெட்டிப்படுத்திய உருக்கில் இப்படி வெட்ட முடியாது. அதனால் தகடு மெத்தென்று இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். பிறகு எலும்புக் கரியோடு பெட்டியில் அடைத்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் கொட்டுவார்கள். மேல்தோல் மட்டும் கண்ணாடி மாதிரி கெட்டியாகும். கூடவே நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஏறும், பெட்ரோல் சிந்திய மழைத்தண்ணீர் போல. எங்கள் துப்பாக்கியில் அந்த நிறம் குதிரைக்கு அடியில், கை படாத ஓர் இடுக்கில் மட்டும் மிச்சம் இருந்தது. பாருங்கள், நான் அறுபது வருஷமாகப் பார்த்த சாம்பல் இரும்பு ஒரு காலத்தில் மயில் கழுத்து நிறத்தில் இருந்திருக்கிறது.

திருகாணிகளைப் பார்க்கச் சொன்னார். எல்லாத் திருகாணித் தலை வெட்டும் குழலின் திசையிலேயே நிற்கும்படி முறுக்கி, அதற்குப் பிறகுதான் அவற்றின்மேல் பூ வெட்டியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் கோணலாக நின்றது. யாரோ திருப்புளியால் குதறியிருக்கிறார்கள். மாமா எங்கேயோ பார்த்தார். "அது எழுபதுல... நான்தான்" என்றார்.

பிறகு என் மாணவர் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, நாயின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் ஓர் இலையைக் காட்டினார். மற்ற இலையெல்லாம் கொடியிலிருந்து முளைக்கிறது, இது மட்டும் கொடியோடு ஒட்டாமல் நிற்கிறது. "இங்க உளி வழுக்கியிருக்கு சார். நீளமா ஒரு கோடு விழுந்திருக்கும். இரும்புல விழுந்தா விழுந்ததுதான், ரப்பர் போட முடியாது. அத மறைக்க இலையாக்கிட்டான். நாங்களும் செய்வோம். 'ர' போடும்போது வழுக்கினா பக்கத்துல ஒரு பூ."

எங்கள் வீட்டில் அம்மாவின் கல்யாணப் பித்தளைக் குடத்தில் பெயருக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் ஒரு பூ இருக்கிறது. அம்மா அதை அவருக்காகவே ஸ்பெஷலாகப் போட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

துப்பாக்கி போய்விடப் போகிறது, போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று செல்போனை எடுத்தேன். இரும்பு பளபளத்து ஒன்றும் சரியாக விழவில்லை. அவர்தான், "படி எடுத்துரலாம் சார்" என்றார். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற மாதிரியா என்றேன். அதற்கு நேர்மாறு. கல்வெட்டில் ஈரத்தாளைத் தூரிகையால் அடித்து இறக்கி மேலே மை ஒற்றுவார்கள், பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். இதில் மையைப் பள்ளத்துக்குள் நிரப்ப வேண்டும். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டுக் கரி பூசித் துடைத்தால் எழுத்து கறுத்து எழுமே, அதே வேலை. மைக்கு எங்கே போவது? அத்தை உள்ளே போய்க் கொள்ளுப்பேரனுக்குக் காய்ச்சி வைத்திருந்த கண்மையைக் கொண்டுவந்தார். விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும்தானே, போதும்.

மையை விரலால் தடவி, மேற்பரப்பை மட்டும் துணியால் துடைத்து, ஈரமான மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தோம். தாளை எடுத்ததும் நாய் கறுப்பாக, ஒவ்வொரு மயிரும் தெரிய, எழுந்து வந்தது. ஆனால் வலது இடதாக மாறிவிட்டது, கடையின் பெயரும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி விழுந்தது. அடுத்து அகலமான செல்லோடேப்பை ஒட்டி உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டினோம். அது நேராக வந்தது. ஏன் ஒன்று திரும்புகிறது, மற்றது திரும்பவில்லை? பழைய மாணவர்கள் யோசித்துப் பாருங்கள், விடையை நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் படி எடுக்கும் பழக்கத்தால்தான் இங்கிலாந்தில் சிலருடைய வேலை இன்றைக்கு அடையாளம் தெரிகிறது என்று பிறகு படித்தேன். துப்பாக்கி வாங்கியவரிடம் போய்விடும், வெட்டியவரிடம் மிச்சம் இருப்பது அந்த ஒற்றித் தாள் ஒன்றுதான். துப்பாக்கியில் கம்பெனி பெயர் இருக்கும், விற்ற கடையின் பெயர் இருக்கும். வெட்டியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது, போடவும் விடமாட்டார்கள். லண்டனில் பர்டி என்ற பெரிய கம்பெனிக்கு வெட்டிய கென் ஹன்ட் என்பவரைப் போன்ற சிலர் காலத்தில்தான், அதாவது போன நூற்றாண்டின் பின்பாதியில், வெட்டியவர் பெயரையும் கேட்டு வாங்கும் நிலை வந்தது. அவர் தொழில் பழகியது ஹாரி கெல் என்பவரின் பட்டறையில். அந்தப் பட்டறை வேலை செய்து கொடுத்த துப்பாக்கிகள் எத்தனையோ கம்பெனிகளின் பெயரில் உலகம் முழுக்க இருக்கின்றன.

நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன் இப்படி இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள். லைடனுக்குப் போன ஆனைமங்கலச் செப்பேடு 21 ஏடுகள். ராஜராஜன், ராஜேந்திரன் காலத்துச் சாசனங்கள். சோழ வம்சம் முழுவதையும் புகழ்ந்து, நிலத்துக்கு எல்லை சொல்லி, கையெழுத்திட்ட அதிகாரிகளைச் சொல்லி, கடைசியில் செம்பில் வெட்டியவர்கள் இன்னார் என்று காஞ்சிபுரத்துக் கைவினைஞர்களின் பெயரும் இருக்கும். ராஜாவின் சாசனத்தில் உளி பிடித்தவனுக்கும் ஒரு வரி. இதை நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். நடத்திய அதே வாய்தான் எமரித் தாள் வாங்கிவரச் சொன்னது.

உளியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டது. ஆங்கிலேய வெட்டு வேலைக்காரர்களின் உளி ஷெபீல்டில் மூசையில் உருக்கிய உருக்கில் செய்தது. நல்ல உருக்குக்கு ஸ்வீடன் இரும்பைத்தான் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இந்த நிலையை மாற்றியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சென்னையில் கும்பெனி உத்தியோகம் பார்த்தவர். அதை விட்டுவிட்டு 1830 வாக்கில் நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்துத் தாது, நம் காட்டு மரக் கரி. இங்கிருந்து இரும்பு கப்பலில் இங்கிலாந்துக்குப் போனது. அந்த ஆலை காட்டையும் பணத்தையும் தின்றுவிட்டு மூடியது. ஹீத் ஷெபீல்டுக்குப் போய், மூசையில் மாங்கனீஸ் சேர்த்தால் மலிவான இரும்பிலும் நல்ல உருக்கு கிடைக்கும் என்று 1839-ல் காப்புரிமை வாங்கினார். அவரோடு இருந்த ஆளே, ஹீத் எழுதிக் கொடுத்த பொருளைப் போடாமல் அதற்கான சரக்குகளைத் தனித்தனியாகப் போட்டால் காப்புரிமை கட்டுப்படுத்தாது என்று ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். வருஷக்கணக்கில் வழக்கு. தீர்ப்பு முடிவதற்குள் ஹீத் இறந்துவிட்டார், தீர்ப்பும் பாதகம். ஷெபீல்டு முழுக்க அவர் முறையில் உருக்கியது, அவருக்குக் காசு வரவில்லை. பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வரும். இவர் வெட்டிய காடும் ஞாபகம் வரும், அதனால் முழுசாகப் பரிதாபப்படவும் முடிவதில்லை.

திண்ணைக்கு வருகிறேன். மாலையில் பஸ் ஏறி சிதம்பரம் திரும்புகிறபோது பக்கத்து சீட்டில் அவர். பேச வேண்டும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பேசினேன். "அன்னைக்கு உன்ன அடிச்சது தப்புப்பா" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அடிச்சது ஞாபகம் இல்ல சார், எல்லா சாரும்தான் அடிப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தேச்சு அழிக்கச் சொன்னீங்களே, அதுதான் சார்" என்றார்.

லால்பேட்டை தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, தன் மகன் கடையில் லேசர் மெஷின் போட நினைப்பதாகவும், கம்ப்யூட்டரில் எழுத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும் என்றும், கடன் எவ்வளவு ஆகும் என்றும் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குத் தெரிந்த வங்கி அதிகாரி ஒருவர், அவரும் என் மாணவர்தான், அவர் நம்பரைக் கொடுத்தேன். எவர்சில்வர் வந்தபோதே பாதி வேலை போயிற்று சார், பித்தளை மாதிரி அது உளிக்கு வழி விடாது என்றார். இங்கிலாந்திலும் சாதாரணத் துப்பாக்கிக்கு உருளையால் அழுத்திப் பதிப்பதும் லேசரும் வந்துவிட்டன. கையால் வெட்டுவது விலை உயர்ந்த ஒன்றிரண்டுக்குத்தான். அவற்றுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் வேலை செய்கிறார்கள். இங்கே ஒரு சொம்புக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் யார் கொடுப்பார்கள்?

அடுத்த வாரம் நானும் மாமாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமா வேட்டி சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார், துப்பாக்கியையும் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். எழுத்தர் நல்ல பிள்ளை, பெரியவரை உட்காரவைத்து, நம்பரைச் சரிபார்த்து, ரசீது எழுத ஆரம்பித்தார். இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று, பழையது என்று எழுதி நிறுத்தினார்.

"வேலைப்பாடு உள்ளதுன்னு போடுங்க தம்பி" என்றார் மாமா.

அவர் சிரித்துக்கொண்டே, 'பூ வேலைப்பாடு உள்ளது' என்று சேர்த்தார்.

"நாயும் இருக்கு."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். 'நாய் உருவம் ஒன்று' என்று எழுதினார். மாமா ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

படி இரண்டு எடுத்தோம். திரும்பி விழுந்தது என்னிடம் இருக்கிறது. நேராக வந்ததை என் மாணவர் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார், மெஷினுக்கு மேலே.

உங்கள் வீட்டுப் பரணில் பெயர் வெட்டிய பழைய பித்தளை, வெண்கலச் சாமான் இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். காரணமில்லாத பூ எங்கேயாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.